ஒரு பானை போதாதா?

புதுமனை புகுவிழாவுக்கு வரும் உறவினரை வீட்டுக்காரர் பெருமையோடு அழைத்துச் சென்று காட்டும் இடம் இப்போதெல்லாம் பூசையறை அன்று, சமையலறையே. மலேசிய நகர்ப்புறத்துத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இன்று அடுக்களை ஒன்றல்ல, இரண்டு. முன்னதற்கு 'உலர் சமையலறை' என்று பெயர். பின்னதற்கு 'ஈரச் சமையலறை' என்று பெயர். முன்னதில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே எவர்சில்வர் அடுக்குகள் ஒளிவிடும். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டிகள் அளவு வாரியாகத் தொங்கும். அரைக்கும் பொறி, பிழியும் பொறி, மாவு பிசையும் பொறி, எண்ணெயின்றிப் பொரிப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட பெட்டி ஆகிய யாவும் வரிசையாக நிற்கும். விருந்தினர் வியப்பர்; விலை கேட்பர்; வீட்டுக்காரர் விலையைச் சற்றுக் கூட்டியே சொல்வார். பின்னதான ஈரச் சமையலறைக்கு எவரையும் அழைத்துச் செல்வதில்லை. அங்கே கைப்பிடி தளர்ந்த பானை ஒன்றும், அடி கறுத்த குவாலி ஒன்றும் இருக்கும். அவ்வீட்டின் அன்றாடச் சோறும் குழம்பும் அவ்விரண்டிலுமே ஆகின்றன.

அதே வீட்டின் மூத்த மகன் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பல்கலைக்கழக ஊரில், நண்பர் மூவருடன் வாடகை வீடொன்றில் தங்கிப் படிக்கிறான். மாலை ஏழு மணிக்கு அவன் காகிதக் கிண்ணத்து மீயில் வெந்நீரை ஊற்றி, மேலே ஒரு புத்தகத்தை வைத்து மூடிவிட்டு, மூன்று நிமிடம் காத்திருக்கிறான். ஏன் சமைக்கவில்லை என்று தாய் தொலைபேசியில் கேட்கும்போது, "பாத்திரம் ஒன்றும் இல்லையம்மா" என்கிறான். இருபத்தைந்து பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கும் தாய் அவ்விடையை ஏற்றுக்கொள்கிறாள். அடுத்த முறை வரும்போது ஒரு பெட்டி நிறையச் சட்டிகளை வாங்கித் தருவதாகவும் வாக்களிக்கிறாள்.

ஏற்கத் தகாத விடை அது. ஒரு பானை, ஒரு சட்டி, ஒரு கத்தி, ஒரு கரண்டி ஆகிய நான்கைக் கொண்டு நால்வர் வயிறார உண்ணலாம். மலைநாட்டுத் தமிழரின் மூன்று தலைமுறைகள் அவ்வாறே உண்டு வளர்ந்தன. அம்மகனிடம் இல்லாதது கைப்பழக்கம். அதை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. கொடுக்காத குற்றம் வீட்டுக்கும் உண்டு, பள்ளிக்கும் உண்டு.

ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளை நினைத்துப் பார்க்கக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏறத்தாழப் பத்தடிச் சதுரத்தில் ஓர் அறை. முன்னே ஒரு தாழ்வாரம். அத்தாழ்வாரத்திலோ பின்புறத்து ஒட்டுத் திண்ணையிலோ மூன்று கல் கூட்டிய அடுப்பு. சோற்றுக்கு ஒரு பானை, குழம்புக்கு ஒரு மண்சட்டி, எடுத்துச் செல்ல ஒரு தூக்குச்சட்டி, அரைக்க ஓர் அம்மி. பால் வற்றிய டின்னே அரிசி அளக்கும் படியாயிற்று. பொழுது புலருமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பெண், முந்திய இரவின் சோற்றில் நீரூற்றி வைத்ததைப் பிழிந்து, உப்பும் வெங்காயமும் கூட்டி, பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் தனக்குமாகப் பங்கிட்டாள். வெட்டுக்காட்டிலிருந்து திரும்பியபின் ஒரே அடுப்பில் முதலில் சோற்றை இறக்கி, அத்தணலிலேயே குழம்பைக் கூட்டி, அதே தணலின் சாம்பலில் கருவாட்டைச் சுட்டாள். எதை முதலில் ஏற்ற வேண்டும், எதை இறக்கியபின் எதை வைக்க வேண்டும் என்னும் ஒழுங்கு அவள் மனத்துள் இருந்தது. அந்த ஒழுங்கே சமையல். கண்ணாடி அலமாரியில் அதை வாங்கி வைக்க இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தோட்டத்து வாழ்வைப் பொற்காலமாகப் புனைந்து எழுதும் வழக்கம் ஒன்று மலேசியத் தமிழ் மேடைகளில் பரவி வருகிறது. "அன்று ஒரு பானைச் சோற்றில் எத்துணை இன்பம்!" என்று உருகுவோர், அந்த ஒரு பானை யாரால் ஒன்றாக இருந்தது என்பதை மறைத்துவிடுகின்றனர். இரண்டாவது பானை வாங்கக் கூலி போதவில்லை, அதனால்தான் ஒன்று. விறகுப் புகையில் கண் கெட்டவள் தாய். சமைத்தபின் கடைசியாக மிஞ்சியதை உண்டவளும் அவளே. அவ்வறுமையைப் போற்றுவது அவளை இழிவு செய்வதாகும். போற்றத் தக்கது, அவ்வறுமைக்குள் நின்று அவள் கற்ற திறம். அது அவளுடைய சொந்த ஈட்டம். தோட்ட நிர்வாகம் தந்த கொடை அன்று. வறுமை தொலைந்தபோது அத்திறத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்ததே இந்தச் சமுதாயம் செய்த பிழை.

அந்தப் பானைக்குள் என்ன இருந்தது என்பதைக் காட்ட இந்நாட்டு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சு நின்று இறந்தனர். சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரை அந்நோய் மிகுதியாகத் தாக்கியது. தமிழ்த் தொழிலாளரையோ பெரும்பாலும் தீண்டவில்லை. அவ்வேறுபாட்டின் காரணத்தை மருத்துவர் பிராடன் அரிசியில் தேடினார். 1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர், அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் தந்து பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். புழுங்கலரிசிப் பிரிவு ஏறத்தாழ முற்றிலும் தப்பியது. பின்னர்ப் பிரேசரும் ஸ்டாண்டனும் நடத்திய ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் குத்தித் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. வைட்டமின் பி1 என்று பின்னாளில் பெயர் பெற்றது அச்சத்து. அது நீரில் கரையும். வடித்த கஞ்சியோடு ஓடிவிடும். ஆனால் லயத்து வீட்டில் வடித்த கஞ்சியைக் கொட்டியவர் யார்? உப்பிட்டுக் குடித்தனர். நீராகாரமும் அவ்வாறே வயிற்றுக்குள் சென்றது. வறியவரின் ஒற்றைப் பானையில் இருந்த காப்பு, அதைவிடச் செலவு மிகுந்த வெள்ளையரிசியில் இல்லை. இன்று புழுங்கலரிசியை 'ஏழை அரிசி' என்று ஒதுக்கி, மணமுள்ள வெள்ளையரிசியைத் தேடும் குடும்பங்கள் இவ்வரலாற்றை ஒருமுறை படித்தல் நலம்.

ஜப்பானியர் ஆட்சியின்போது, 1942 முதல் 1945 வரை, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி குன்றிற்று. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. அவித்தனர், சுட்டனர், உலர்த்தி இடித்து மாவாக்கிக் களி கிண்டினர். அதற்கும் அதே ஒரு பானைதான். அக்காலத்தைக் கடந்தவர்கள் பானையின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசியதில்லை. பானைக்குள் போட ஏதேனும் கிடைக்குமா என்பதையே பேசினர்.

பின்னர் ஏன் இந்தப் பாத்திர மோகம்? வெட்கமே காரணம். இவ்வெட்கம் இன்று நேற்று வந்ததன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைத் தமிழாசிரியர் அறியாதிருக்க மாட்டார். நல்லியக்கோடனைக் காணப் போகுமுன் பாணன் வீட்டு அடுக்களை எப்படி இருந்தது என்பதை நல்லூர் நத்தத்தனார் காட்டுகிறார். நாய் குட்டி ஈன்று கிடந்த அடுக்களை அது. பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைத்தாள். பிறர் கண்டால் நாணமென்று வாயிலை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு உண்டாள். வகுப்பில் இப்பகுதியை நடத்துவோர் புலவரின் இரக்கத்தை வியந்து சொல்வர். அந்த அடைத்த கதவைப் பற்றி எத்தனை பேர் நின்று பேசுகின்றனர்? கீரையை வேகவைக்கத் தெரிந்தவள் அவள். பகிர்ந்து உண்ணத் தெரிந்தவள். அவள் நாணியது உலகின் கண்ணுக்கு. அந்தக் கதவைத்தான் மலேசியத் தமிழர் இன்று வேறு வகையில் அடைத்துக்கொண்டிருக்கின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறி, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, லயத்தின் நினைவை மறைக்க ஒரு திரை தேவைப்பட்டது. எவர்சில்வர் அத்திரை ஆயிற்று. திருமணச் சீரில் பாத்திரங்களைப் பரப்பி வைத்து எண்ணிக் காட்டுவதும், எண்ணிக்கை குறைந்தால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பதும், கடன் வாங்கியேனும் அடுக்கை நிறைப்பதும் அதன் தொடர்ச்சியே. அப்பாத்திரங்களுள் பல, மணமகள் பேரப்பிள்ளை காணும் நாளிலும் ஒட்டிய விலைச்சீட்டோடு பெட்டியில் கிடக்கும்.

காப்பியங்களைக் காட்டி வாதிடுவோருக்கு ஒரு சொல்: மணிமேகலை ஊரெல்லாம் உண்பித்தது ஒரே ஒரு பாத்திரத்தைக் கொண்டு. அமுதசுரபிக்குத் துணைப் பாத்திரங்கள் ஆறு இருந்ததாகச் சாத்தனார் எங்கும் பாடவில்லை.

"காலம் மாறிவிட்டது, சமைக்க நேரமில்லை" என்பர் சிலர். நேரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம் என்றால், கணக்கு அவர்களுக்கு எதிராகவே முடிகிறது. ஒரு பானையில் பருப்புச் சோறு ஆக்கும் வகையைப் பாருங்கள். பானையை அடுப்பிலேற்றி இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளிக்க வேண்டும். தாளிப்பைக் கடைசியில் கொட்டுவதே மரபு என்று சில பாட்டிமார் கடிந்துகொள்வர். கடைசியில் தாளிப்பதற்கு இரண்டாவது சட்டி வேண்டும். முதலில் தாளித்தால் அந்தச் சட்டி மிச்சம். மணம் சற்றுக் குறையலாம், அது உண்மைதான். பின்னர் மஞ்சள்தூள். அதன்பின் கழுவிய அரிசி ஒரு குவளை, மைசூர்ப் பருப்பு அரைக் குவளை, நீர் நான்கு குவளை, உப்பு. கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி, இருபது நிமிடம் விட்டுவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் மூடியைத் திறந்து ஒரு பிடி முருங்கைக்கீரையையோ பசலையையோ மேலே தூவி மீண்டும் மூடினால், ஆவியிலேயே கீரை வெந்துவிடும். தீயை அணைத்தபின் பத்து நிமிடம் திறக்காதிருந்தால் அடியிலும் மேலிலும் ஒரே பதம் வரும். முட்டை வேண்டுமாயின் ஓட்டோடு நன்கு கழுவி, கொதி வந்தபின் அதே பானைக்குள் இறக்கலாம். முழு வேலைக்கும் முக்கால் மணி நேரத்துக்குள் ஆகும். அதில் கைக்கு வேலை பத்து நிமிடமே. மீதி நேரத்தில் மாணவன் பாடத்தைப் படிக்கலாம். கடைக்குச் சென்று தாப்பாவ் வாங்க வரிசையில் நின்று திரும்புவதற்கும் அதே நேரம் ஆகிறது. அந்நேரத்தில் படிக்க முடிவதில்லை.

மைசூர்ப் பருப்பு ஏன்? அது உரித்துப் பிளந்த சிறு பருப்பு. அழுத்தக் கலன் இன்றியே அரிசியோடு சேர்ந்து வெந்துவிடும். துவரம் பருப்புக்கு நேரம் மிகுதி. இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் அதுவும் இணங்கும். புளியை முன்னதாக ஊற்றினால் பருப்பு வேகாது என்று பாட்டிமார் சொல்லி வந்தது வெறும் வழக்கு அன்று. புளிப்பு, பருப்பின் சுவர்களை இளகவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே புளியும் தக்காளியும் பருப்பு வெந்தபின்தான். இந்த ஒரு நுட்பம் தெரிந்தவனுக்கு அழுத்தக் கலன் வேண்டியதில்லை. தெரியாதவன் மூன்று அழுத்தக் கலன் வைத்திருந்தாலும் கல் பருப்பையே மெல்வான்.

எரிவாயுவையும் மிச்சப்படுத்த வழியுண்டு. கொதித்த பானையைப் பத்து நிமிடம் எரியவிட்டு, இறக்கி, கனத்த துண்டாலோ போர்வையாலோ நன்கு சுற்றி அரை மணி நேரம் வைத்தால், உள்ளிருக்கும் சூட்டிலேயே சோறு வெந்து முடியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் எரிபொருளைச் சேமிக்க வைக்கோல் திணித்த பெட்டிக்குள் பானையை வைத்துச் சமைத்தனர். செல்வ நாட்டுப் பெண்கள் அதற்காக வெட்கப்படவில்லை. அரசாங்கமே அதைக் கற்பித்தது.

சட்டியின் பங்கு தனி. அதில் வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்கி, ஒரு டின் சார்டினைக் கவிழ்த்து, எலுமிச்சையைப் பிழிந்தால் பத்து நிமிடத்தில் குழம்பு. நெத்திலியைச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் மிளகாய் விழுதைச் சுண்டவிட்டால் சம்பல். கழுவத் தேவையின்றி அதே சட்டியில் முட்டையையும் ஊற்றலாம். சம்பலின் காரம் முட்டையில் ஏறும். மிளகாய் விழுதுக்கு அரைக்கும் பொறி கேட்பவன், காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்துக் கத்தியால் கொத்திப் பார்க்கட்டும்.

மலேசியத் தமிழருக்கு இவ்வகையில் அயலாரிடமிருந்து கற்கவும் நிறைய உண்டு. சீனர் அடுக்களையில் குவாலி ஒன்றே அரசு செலுத்துகிறது. அதில் வதக்குவர், பொரிப்பர், மீயை வேகவைப்பர், குறுக்கே இரண்டு குச்சிகளை வைத்து அதன்மேல் தட்டை ஏற்றி மீனை ஆவியில் அவிப்பர். ஒரே வளைந்த இரும்பு, நான்கு தொழில். மண்சட்டிச் சோற்றில் அரிசி, கோழி, காளான் அனைத்தும் ஒன்றாக வெந்து, அதே சட்டியே உண்கலமாகவும் மேசைக்கு வருகிறது. மலாய்க்காரரோ பாத்திரத்தையே விட்டுவிட்டனர். மூங்கிற் குழாய்க்குள் வாழையிலையைச் சுருட்டி வைத்து, பசையரிசியும் தேங்காய்ப்பாலும் நிறைத்து, நெருப்போரம் சாய்த்து ஆக்குவது லெமாங். தென்னங்குருத்தைப் பின்னிய கூட்டுக்குள் அரிசியை அடைத்து வேகவைப்பது கெத்துப்பாட். தமிழரிடமும் சிரட்டையில் புட்டு அவிக்கும் வழக்கமும், பானை வாயில் துணியைக் கட்டி இட்டலி ஊற்றும் வழக்கமும் இருந்தன. நோன்புப் பெருநாளில் லெமாங்கை வாங்கி உண்டு மகிழும் தமிழர், துணி கட்டி அவித்த இட்டலியை மட்டும் பழம்பாணி என்று ஏளனம் செய்வது விந்தையே.

பொறிகளையே வெறுப்பது இவ்வாதத்தின் நோக்கம் என்று எவரும் திரிக்க வேண்டா. மின்சோற்றுக் கலனை எதிர்ப்பவர் அறிவிலி. 1955-ஆம் ஆண்டு ஜப்பானில் தோஷிபா நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைச் செய்து முடிக்கப் பொறுப்பேற்ற மினாமி என்பவரின் மனைவி புமிக்கோ, தம் வீட்டிலேயே மீண்டும் மீண்டும் சோறு வடித்துச் சோதித்து அக்கருவிக்கு உருக்கொடுத்தார். பானையில் நீர் இருக்கும்வரை சூடு நூறு பாகைக்கு மேல் ஏறாது. நீர் வற்றியதும் சூடு ஏறும். ஏறியதும் விசை தானே விடுபடும். இவ்வளவே அதன் சூத்திரம். சமையலறையில் பெண்ணின் சுமையைக் குறைத்த கருவிகளுள் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. அறையில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு அடுப்பும் பானையும் அதுவே ஆகும். மேற்சொன்ன பருப்புச் சோற்றை அதிலேயே ஆக்கலாம். ஆனால் அது வந்தபின்னும் வெறும் சோற்றை மட்டும் அதில் வைத்துவிட்டு, குழம்பைக் கடையில் வாங்குவோரே மிகுதி. கருவி வந்தது, கற்றல் வரவில்லை.

பல்கலைக்கழக விடுதிகள் பலவற்றில் அறைக்குள் சமைக்கத் தடை உண்டு. தீ விபத்தை அஞ்சி விதித்த தடை அது. அதை மீறச் சொல்வது முறையாகாது. ஆனால் விடுதியை விட்டு வாடகை வீட்டுக்கு வந்தபின்னும், எரிவாயு அடுப்பு கூடத்தில் இருக்க, அதைப் பற்றவைக்காமலே மூன்றாண்டு படித்துப் பட்டம் பெறுவோரை எந்த விதி தடுத்தது? 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது, உணவகங்களில் அமர்ந்து உண்பது நின்றது. அறைகளிலும் வாடகை வீடுகளிலும் அகப்பட்ட இளைஞர் முன் அரிசி இருந்தது, அடுப்பு இருந்தது. கைதான் பழகவில்லை.

இவ்விளைஞருள் ஆண்பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழ் மொழியில் நல்ல சமையலுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன: நளபாகம், வீமபாகம். இரண்டும் ஆடவர் பெயர்கள். நளன் நாடிழந்து உருமாறி இருதுபன்னனிடம் தேரோட்டியாகவும் மடைத்தொழில் செய்பவனாகவும் அமர்ந்தான். அவன் ஆக்கிய உணவின் சுவையே அவனைத் தமயந்திக்குக் காட்டிக்கொடுத்தது. வீமன் பதின்மூன்றாம் ஆண்டில் விராடன் அரண்மனை மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தான். கதாயுதம் பிடித்த கைக்கு அது இழுக்கு என்று வியாசர் எழுதவில்லை. இக்கதைகளை மேடையில் முழங்குவோர், தம் வீட்டில் மகன் அடுக்களைப் பக்கம் வந்தால், "உனக்கு இங்கென்ன வேலை? போய்ப் படி" என்று விரட்டுகின்றனர். அதே வீட்டில் மகள் படிப்பை விட்டு எழுந்து வந்து வெங்காயம் உரிக்கிறாள். மகனுக்கு நாளைக்கு ஒருத்தி வந்து சமைப்பாள் என்பது கணக்கு. வரும் அந்த ஒருத்தியும் பட்டம் பெற்று, காலை ஆறரைக்கு இரயிலேறி, இரவு எட்டுக்கு வீடு திரும்புகிறவளாக இருப்பாள் என்பது கணக்கில் சேர்க்கப்படவில்லை. பல இளங்குடும்பங்களில் மணமுறிவு வரை செல்லும் சச்சரவுகள் ஒரு பானை யார் கழுவுவது என்பதிலே தொடங்குகின்றன.

பள்ளி இதில் தூய்மையானதா? மாதிரிக் கட்டுரை நூல்களைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் காலை, தந்தை நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார், தாயார் அடுக்களையில் பசியாறச் செய்துகொண்டிருப்பார், தங்கை அவருக்கு உதவுவாள், கட்டுரை எழுதும் மாணவன் துள்ளிக் குதித்து எழுந்திருப்பான். ஆண்டுக்கு ஆண்டு இதே குடும்பம், இதே நாளிதழ். ஆசிரியர் சந்திப்பிழையைத் திருத்துகிறார். அந்தத் தந்தையைத் திருத்துவதில்லை. ஒருமுறையேனும் தந்தையை அடுக்களைக்கு அனுப்பி எழுதிப் பார்க்குமாறு மாணவரிடம் சொன்னால் வானம் இடிந்து விழாது.

இது வெறும் நாகரிக வாதம் என்று ஒதுக்குவோர் நோய்க்கணக்கைப் பார்க்கட்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தாரிலும் மிகுதி. வீட்டுச் சமையல் மட்டும் இதைத் தீர்த்துவிடும் என்று சொல்வது பொய்யாகும். குவித்த வெள்ளைச் சோறும் அந்நோய்க்குத் துணைபோவதே. எனினும் உப்பையும் சர்க்கரையையும் எண்ணெயையும் அளந்து போடும் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பது சிறிய செய்தியன்று. நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டா என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. பொட்டல மீ பலவற்றில் ஒரு பொட்டலமே அதில் பாதியை எட்டிவிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் மலேசியர் உண்ட உடனடி மீ 150 கோடிப் பொட்டலத்துக்கு மேல். மூன்றரைக் கோடிக்கும் குறைந்த மக்கள் வாழும் நாடு இது.

விலையும் அவ்வாறே. 2023-ஆம் ஆண்டில் உள்நாட்டு வெள்ளரிசியின் கட்டுப்பாட்டு விலை கிலோவுக்கு 2 வெள்ளி 60 காசு. அவ்வாண்டின் பிற்பகுதியில் அவ்வரிசி கடைகளில் தட்டுப்பட்டதென்பதும், இறக்குமதி அரிசியின் விலை ஏறிற்று என்பதும் மெய்தான். இரட்டை விலை கொடுத்தாலும் ஒருவர் ஒருவேளைக்கு ஆக்கும் 100 கிராம் அரிசிக்கு ஐம்பது காசு சொச்சமே ஆகும். கல்விக் கடனில் படிக்கும் பிள்ளை மாதத்துக்கு எத்தனை வெள்ளியை உணவுக் கடையில் இறைக்கிறது என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். அக்கடனைப் பின்னாளில் வட்டியோ கட்டணமோ சேர்த்துக் கட்டப்போவது அப்பிள்ளையே.

தமிழாசிரியர் சமையலாசிரியர் அல்லர் என்னும் மறுப்பு இவ்விடத்தில் எழும். அல்லர்தாம். எனினும் செயல்முறையை வரிசை பிறழாமல் எழுதப் பயிற்றுவது அவர் கடமை. அதற்குச் சமையலினும் சிறந்த பொருள் வேறில்லை. எது முதலில், எது பின்னர், எவ்வளவு, எதுவரை என்பவற்றைத் தெளிவாக எழுதாவிட்டால் சோறு குழைந்துவிடும். வினையெச்சத்தைப் பிழையின்றிக் கையாளப் பழக இதனினும் பொருந்திய களம் எது? ஆகவே ஐந்தாம் படிவ மாணவர்க்கு ஒரு வினா: "உன்னிடம் மூடியுள்ள பானை ஒன்றும், கத்தி ஒன்றும், கரண்டி ஒன்றும் மட்டுமே உள்ளன. ஒரு குவளை அரிசி, அரைக் குவளை பருப்பு, இரண்டு வெங்காயம், ஒரு கட்டுக் கீரை, ஒரு முட்டை தரப்பட்டுள்ளன. இருவர் உண்ணும் உணவை ஆக்கும் முறையை 150 சொற்களில் எழுதுக." விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுசென்று, எழுதியபடியே சனிக்கிழமை ஆக்கிப் பார்த்து, எங்கே பிழைத்தது என்பதைத் திங்கட்கிழமை இரண்டாவது கட்டுரையாக எழுதி வருமாறு பணிக்க வேண்டும். அந்த இரண்டாவது கட்டுரையை எந்த மாதிரி நூலிலிருந்தும் பெயர்த்தெழுத முடியாது. ஆண், பெண் இருபாலரும் எழுத வேண்டும். பானை வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்கும் மாணவனுக்குத் தாயார் ஈரச் சமையலறையைக் காட்டுவார்.